வெளிவிளக்குகளுக்கு ஒளியுணரி பொருத்தும் முறை

கிராமத்தின் கடைவீதியிலும், சந்தைத் திடலிலும், நெல் அரவை ஆலையின் களத்திலும், கூட்டுறவுச் சங்கக் கிடங்கின் வாயிலிலும் இரவில் எரிய வேண்டிய மின்விளக்குகள் பல, பொழுது விடிந்து வெயில் ஏறிய பின்னரும் எரிந்துகொண்டிருப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். அணைக்க வேண்டியவர் அன்று அதிகாலையிலேயே வயலுக்குப் போயிருப்பார். அல்லது சுவிட்சு பூட்டிய கதவுக்குள்ளே இருக்கும். தெருவிளக்குகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. பல ஊராட்சிகளில் குடிநீர்த் தொட்டியை இயக்குபவரே விளக்குச் சுவிட்சையும் கவனிக்கிறார். மோட்டார் பழுதான நாளில் அவர் விளக்கை நினைப்பதெங்கே? இதில் எவரையும் குறை கூறிப் பயனில்லை. ஆனால் மின்மானி ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஓர் ஊராட்சியில் 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் 200 உள்ளன என்று வைத்துக்கொள்வோம். இவை எல்லாம் சேர்ந்து மணிக்கு 4 யூனிட் செலவிடும். மாலையில் அரைமணி நேரம் முன்னதாக ஏற்றி, காலையில் ஒன்றரை மணி நேரம் பின்னதாக அணைத்தால், நாளொன்றுக்கு 8 யூனிட் வீண். ஆண்டுக்கு 2,920 யூனிட். தங்கள் ஊராட்சியின் மின்கட்டணச் சீட்டில் கண்டுள்ள விகிதத்தால் இதனைப் பெருக்கிப் பார்த்தால், அத்தொகையில் எத்தனை புதிய விளக்குகள் வாங்கலாம் என்பது உறுப்பினர்களுக்கு விளங்கும். பொதுச் சாலைகளுக்கு விளக்கிடுவது 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி கிராம ஊராட்சியின் கடமை ஆதலால், இச்செலவு வேறெவர் தலையிலும் விழுவதில்லை. கடைக்காரருக்கும் ஆலைக்காரருக்கும் வணிகக் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைக் காட்டிலும் கூடுதல் ஆகையால், அவர்கள் இழப்பு இன்னும் விரைவில் தெரியும்.

இவ்வீண் செலவைத் தடுக்கும் கருவிதான் ஒளியுணரி. கடைகளில் 'போட்டோ செல்' என்றும், 'சென்சார்' என்றும் வழங்குவது இதுவே. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் வாங்கி மாட்டிய மாத்திரத்தில் பலன் வந்துவிடும் என்று எண்ணுவது சரியன்று. இக்கருவிக்கு மணி தெரியாது. இரவு என்றும் பகல் என்றும் தெரியாது. தன் முகத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால், அதனை எங்கே வைக்க வேண்டும், எவ்வாறு இணைக்க வேண்டும், எதனால் ஆபத்து வரும் என்பன யாவும் தாமே விளங்கும்.

கருவி வேலை செய்யும் விதம்

செலினியம் என்ற பொருளின் மீது ஒளி விழுந்தால் அதன் வழியே மின்சாரம் எளிதிற் பாய்கிறது என்பதை 1873ஆம் ஆண்டில் வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலப் பொறியாளர் வெளியிட்டார். கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்காக வைத்திருந்த செலினியக் கோல்கள், வெளிச்சத்தில் ஒருவிதமாகவும் இருளில் ஒருவிதமாகவும் நடந்துகொண்டதே இதற்குக் காரணம். இன்றைய எளிய ஒளியுணரிகளில் செலினியத்துக்குப் பதிலாகக் காட்மியம் சல்பைடு என்ற பொருள் பூசிய சிறு வில்லை இருக்கிறது. வேறு சிலவற்றில் சிலிக்கான் துண்டு இருக்கிறது. வில்லையின் மீது ஒளி குறைந்ததும், உள்ளிருக்கும் ரிலே என்னும் சிறு சுவிட்சு மூடிக்கொண்டு விளக்குக்கு மின்சாரம் அனுப்புகிறது. ஒளி மிகுந்ததும் அது திறந்துகொள்கிறது.

மின்சாரமே இல்லாமல் இவ்வேலையைச் செய்த கருவியும் ஒன்று உண்டு. சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாவ் தாலேன், கலங்கரை விளக்குகளுக்கென 1907ஆம் ஆண்டில் 'சூரிய வால்வு' ஒன்றை அமைத்தார். கறுப்புப் பூசிய உலோகக் கோல் பகலொளியை உறிஞ்சிச் சற்றே நீண்டு, விளக்குக்குப் போகும் வாயுவை அடைத்துவிடும். இருட்டியதும் சுருங்கி வழி திறக்கும். ஆளில்லாத பாறைத் தீவுகளில் அவ்விளக்குகள் பல மாதங்கள் தாமே எரிந்து அணைந்தன. 1912ஆம் ஆண்டில் அவருக்குப் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஒளியை லக்ஸ் என்ற அளவாற் குறிக்கிறார்கள். நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். முழு நிலவின் ஒளி அரை லக்ஸுக்கும் குறைவு. சாதாரண ஒளியுணரி 10 முதல் 20 லக்ஸ் அளவில் விளக்கை ஏற்றி, அதைவிடச் சற்று மிகுந்த ஒளியில் அணைக்கும். ஏற்றும் அளவும் அணைக்கும் அளவும் வேறுபட்டிருப்பது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. இரண்டும் ஒன்றாயிருந்தால், மேகம் ஒன்று நகரும்போதெல்லாம் விளக்கு மின்னி மின்னி அணையும். மின்னலுக்கும், போகும் லாரியின் முகப்பு விளக்குக்கும் ஏமாறாமல் இருக்க, நல்ல கருவிகள் சில விநாடிகள் முதல் இரண்டொரு நிமிடம் வரை பொறுத்துப் பார்த்த பின்னரே செயற்படுகின்றன.

எந்த லக்ஸ் அளவுள்ளதை வாங்குவது என்று சிலர் மிகவும் யோசிப்பதுண்டு. நம் நாட்டில் அதற்கு அவசியமில்லை. தமிழ்நாட்டில் சூரியன் மறைந்து ஏறக்குறைய 20 நிமிடங்களிலேயே அந்தி முடிந்து இருள் கவிந்துவிடுவதால், 10 லக்ஸில் ஏற்றுவதற்கும் 40 லக்ஸில் ஏற்றுவதற்கும் இடையே சில நிமிடங்களே வேற்றுமை. இடத்தைத் தெரிந்தெடுப்பதில் செய்யும் பிழையோ, விளக்கைப் பகல் முழுதும் எரிய வைத்துவிடும்.

இரவு முழுதும் எரிய வேண்டுமா?

கருவி வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. இதைக் கேளாமையால் சிலருக்குச் செலவு குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடுகிறது. கடை முகப்பில் 50 வாட் விளக்கு ஒன்றைக் கடைக்காரர் மாலை 6-30 மணிக்கு ஏற்றி, 9-30 மணிக்குக் கடையடைக்கும்போது தம் கையாலேயே அணைக்கிறார் என்போம். செலவு 0.15 யூனிட். அதே விளக்குக்கு ஒளியுணரி மட்டும் பொருத்தினால் அது விடியும் வரை, ஏறக்குறைய 12 மணி நேரம் எரிந்து 0.6 யூனிட் செலவிடும். ஆண்டுக்கு 160 யூனிட்டுக்கு மேல் கூடுதல்! காவலுக்காக இரவெல்லாம் எரிய வேண்டிய கிடங்கு விளக்குக்கும், முச்சந்தி விளக்குக்கும், பேருந்து நிற்குமிட விளக்குக்கும் ஒளியுணரி தனியே போதும். கடையின் பெயர்ப்பலகை விளக்குக்கும், சந்தைத் திடலின் பெருவிளக்குகளுக்கும் அது தனியே போதாது.

இவ்விடங்களில் ஒளியுணரியோடு நேரச் சுவிட்சு ஒன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்க வேண்டும். நேரச் சுவிட்சை மாலை 5 மணிக்கு மூடிக்கொண்டு இரவு 10 மணிக்குத் திறந்துகொள்ளும்படி வைத்தால், இருட்டும்போது ஒளியுணரி விளக்கை ஏற்றும்; 10 மணிக்கு நேரச் சுவிட்சு அணைக்கும். நேரச் சுவிட்சு ஒன்றே போதாதா என்று கேட்கலாம். சென்னையில் நவம்பர் பிற்பகுதியில் மாலை 5-40 மணி அளவில் மறையும் சூரியன், ஜூலைத் தொடக்கத்தில் 6-40 மணி அளவில் மறைகிறது. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கேற்ப ஆண்டில் பலமுறை முள்ளைத் திருத்த எவருக்கும் பொறுமை இராது. ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்தால் முன்னதாகவே இருட்டும் நாட்களை அது அறியவும் அறியாது. மேலும், மின்கலம் இல்லாத மலிவான நேரச் சுவிட்சுகள் மின்தடை ஏற்படும்போதெல்லாம் நின்று, அந்த அளவுக்குப் பின்தங்கிவிடும். ஒளியுணரிக்கு இத்தொல்லை இல்லை.

விவசாயப் பெருமக்கள் இதில் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. இரவின் நீளத்தைக் கணக்கிட்டே பூக்கும் பயிர்கள் உள்ளன என்பதை அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த கார்னர், ஆலர்டு என்ற இருவர் 1920ஆம் ஆண்டில் விளக்கினர். நெல் குறும்பகற் பயிர். பழைய சம்பா வகைகள் பல, பகல் சுருங்கி இரவு நீளும் பருவத்திலேதான் கதிர் விடுகின்றன. களத்து விளக்கோ சாலை விளக்கோ வயலின் மீது இரவெல்லாம் விழுந்தால், அப்பகுதியிலுள்ள பயிருக்கு இரவு நீளவில்லை என்றே பொருள். வயலின் மற்றப் பகுதி முற்றித் தலை சாய்ந்திருக்க, விளக்கடியில் மட்டும் பயிர் பச்சையாய் நிற்பதற்குக் காரணம் இதுவே. உரமோ நீரோ அன்று. சாமந்தியும் இவ்வாறே பூப்பதில் தாமதிக்கும். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத இக்காலக் குறுகிய வயது நெல் வகைகளில் இக்குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. கையால் அணைத்த காலத்தில் பாதி இரவு எரிந்த விளக்கு, ஒளியுணரி வந்த பின் முழு இரவும் எரியும் ஆதலால், வயலோரத்து விளக்குகளுக்கு வயற்பக்கம் தகட்டு மறைப்பு ஒன்று அமைப்பதும், இயலுமாயின் நேரச் சுவிட்சு சேர்ப்பதும் நலம். ஊராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுமுன் அந்த வயலுக்கு உரியவரையும் கலந்துகொள்வது முறையாகும்.

வாங்கும்போது

கடையில் வெறுமனே 'சென்சார்' என்று கேட்டால், ஆள் நடமாட்டத்தைக் கண்டு ஏற்றும் கருவியைக் கொடுத்துவிடுவதுண்டு. அது வேறு, இது வேறு. பொழுது சாய்ந்ததும் ஏற்றி, விடிந்ததும் அணைக்கும் சென்சார் வேண்டும் என்று விளங்கச் சொல்லுக. ஒளியுணரி உள்ளேயே அமைந்த பல்புகளும் விற்பனையாகின்றன. ஒற்றை விளக்குக்கு அவை சுலபம். ஆனால் மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள்ளோ, ஆழ்ந்த தாழ்வாரத்திலோ மாட்டினால் பகலிலும் எரியும். சூரிய சக்தித் தெருவிளக்குகளுக்குத் தனி ஒளியுணரி வேண்டுவதில்லை. சூரியத் தகட்டில் மின்னழுத்தம் குறைவதைக் கொண்டே அவை இருட்டை அறிந்துகொள்கின்றன.

கருவியின் மீது 6 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். 10 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கி, 2,300 வாட் வரை மாட்டலாம் என்று கணக்கிடுவது பழைய குண்டு பல்புகளுக்குப் பொருந்தும். எல்.இ.டி. விளக்குகளோ, ஏற்றும் கணத்தில் தம் வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை ஒரே இழுப்பாக இழுக்கின்றன. ரிலேயின் முனைகள் அதனால் சூடேறி ஒன்றோடொன்று பற்றிக்கொண்டால், பிறகு விளக்கு பகலிலும் அணையாது. எல்.இ.டி.க்கு எவ்வளவு என்று தனியே குறித்திருந்தால் அதன்படி நடக்கலாம். குறிக்காவிட்டால், எழுதியுள்ள அளவில் பாதிக்கும் குறைவாகவே மாட்டுவது நல்லது. சந்தைத் திடலில் 100 வாட் விளக்குகள் 20 இருந்தால், அவற்றை ஒளியுணரி நேராகத் தாங்காது. அங்கே கான்டாக்டர் என்னும் பெரிய சுவிட்சு வைத்து, ஒளியுணரி அந்தக் கான்டாக்டரை மட்டும் இயக்கும்படி செய்ய வேண்டும். அதனுடன் 'தானியங்கி, நிறுத்தம், கைமுறை' என்ற மூன்று நிலைச் சுவிட்சு ஒன்றும் இருந்தால், திருவிழா நாட்களிலும் கருவி பழுதான வேளையிலும் ஊர் இருளில் மூழ்காது.

இடியும் மின்னலும் மிகுந்த பகுதிகளில் மின்னழுத்த எழுச்சியைத் தாங்கும் அமைப்புள்ளதைக் கேட்டு வாங்குக. மலிவு கருதி நியூட்ரல் இணைப்பில்லாத இருகம்பிக் கருவியை வாங்கினால், எல்.இ.டி. விளக்குகள் பகலிலும் மங்கலாக மினுக்குவதுண்டு. மூன்று கம்பி உடையதே மேல்.

வைக்கும் இடம்

ஒளியுணரி திறந்த வானத்தைப் பார்க்க வேண்டும். எந்த விளக்கையும் பார்க்கக் கூடாது. விதி இவ்வளவே. ஆனால் இதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். தான் ஏற்றும் விளக்கின் ஒளி தன் முகத்திலேயே விழுமாறு வைத்தால், விளக்கு எரிந்ததும் 'விடிந்துவிட்டது' என்று அது அணைக்கும். அணைந்ததும் 'இருட்டிவிட்டது' என்று ஏற்றும். விடியும் வரை இந்த விளையாட்டு நடந்து, சில வாரங்களில் ரிலேயும் விளக்கும் கெடும். விளக்கு நேராகப் படாவிட்டாலும், வெள்ளையடித்த சுவரிற் பட்டுத் திரும்பும் ஒளியே இதற்குப் போதும். கடைவீதியில் எதிரெதிர்க் கடைகள் இரண்டிலும் ஒளியுணரி இருந்தால், ஒரு கடையின் விளக்கு மற்றதன் கருவியை ஏமாற்றுவதும் உண்டு. ஆகவே கருவியை விளக்குக்கு மேலே, விளக்கின் முகம் திரும்பாத பக்கத்தில் வைப்பது சிறந்தது.

அதன் முகம் வடக்கு நோக்கியிருப்பது நலம். கிழக்கு நோக்கி வைத்தால், மாலையில் வானம் வெளுத்திருக்கும்போதே ஏற்றிவிடும். மேற்கு நோக்கி வைத்தால், மாலையிலும் காலையிலும் தாமதிக்கும். விடிந்த பிறகும் சிறிது நேரம் விளக்கு எரியும். தமிழ்நாட்டில் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டு வரை நண்பகற் சூரியன் தலைக்கு வடக்கே சாய்கிறதே என்று கேட்கலாம். நண்பகலில் எவ்வளவு வெயில் பட்டாலும் கருவிக்குக் கவலையில்லை. உதய அஸ்தமன வேளைகளிலே கதிர் நேராக முகத்தில் அடிக்காதிருத்தல் வேண்டும். வடக்கு முகத்தில் அது பெரும்பாலும் நிறைவேறுகிறது.

புளிய மரத்தின் அடர்ந்த நிழலிலும், தகரக் கூரையின் கீழும் வைக்கலாகாது. இன்று வெட்ட வெளியாயிருக்கும் இடத்தில் அடுத்த ஆண்டு பூவரசின் கிளை வந்துவிடும் என்பதையும் எண்ண வேண்டும். சுவிட்சுப் பெட்டி நிழலில் இருந்தால், பெட்டி அங்கேயே இருக்கட்டும். ஒளியுணரியை மட்டும் கம்பத்தின் மேலே ஏற்றிக் கம்பியைக் கீழே கொண்டுவரலாம். அரவை ஆலைகளில் தவிட்டுத் தூசி வரும் காற்றுப் பக்கத்தை விலக்குக. தூசி படிந்த கருவிக்குப் பட்டப் பகலும் அந்தியே.

இணைப்பும் அதிலுள்ள ஆபத்தும்

மூன்று கம்பிகளில் ஒன்று உள்ளே வரும் பேஸ், ஒன்று நியூட்ரல், ஒன்று விளக்குக்குப் போகும் பேஸ். கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று நிறங்கள் இருப்பது வழக்கமாயினும், தயாரிப்பாளர் ஒட்டியுள்ள படத்தைப் பார்த்தே இணைக்க வேண்டும். நியூட்ரலை விளக்குக்கும் கருவிக்கும் பொதுவாகக் கொடுக்க வேண்டும். பேஸ் எது, நியூட்ரல் எது என்று டெஸ்டரால் சோதிக்காமல் மாற்றிக் கொடுத்தால் விளக்கு சரியாக எரியும், அணையும். எவருக்கும் ஐயம் தோன்றாது. ஆனால் ஒளியுணரி நியூட்ரலை மட்டுமே துண்டித்துக்கொண்டிருக்கும். அணைந்திருக்கும் விளக்கின் பிடிப்பில் பேஸ் காத்துக்கொண்டிருக்கும். பல்பு மாற்ற ஏறுபவர் கதி என்ன?

சரியாக இணைத்த கருவியிலும் ஓர் ஆபத்து உண்டு. கைச் சுவிட்சால் அணைத்த விளக்கு அணைந்தேயிருக்கும். ஒளியுணரி அணைத்த விளக்கு அப்படியன்று. பகலிலே விளக்கு எரியவில்லை, ஆகவே மின்சாரம் இல்லை என்று நம்பி ஒருவர் ஏணியில் ஏறுகிறார். வேலை செய்யும்போது அவர் கையோ, தலைத்துண்டோ ஒளியுணரியின் முகத்தை மறைக்கிறது. கருவிக்கு அது இரவு. சில விநாடிகளில் விளக்குக் கம்பியில் மின்சாரம் பாய்கிறது, அவர் விரல் அதன்மேல் இருக்கும்போதே. கருவிக்குள் வரும் கம்பியிலோ எப்பொழுதும் மின்சாரம் உண்டு. ஆதலால், ஒளியுணரியின் முன்னால் கைக்கெட்டும் இடத்தில் தனி மெயின் சுவிட்சு இல்லாத எந்த இணைப்பையும் ஊராட்சி ஏற்றுக்கொள்ளலாகாது. வேலை தொடங்குமுன் மெயினை அணைத்து, பியூஸைக் கழற்றித் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பிறகு டெஸ்டரால் சோதித்தே ஏற வேண்டும். வேறொருவர் வந்து போட்டுவிடாதிருக்கச் சுவிட்சருகே ஒருவரை நிறுத்துவதும் தகும்.

மேலே மின்கம்பி செல்லுமிடத்தில் அலுமினிய ஏணியைத் தொடவே கூடாது. உலர்ந்த மூங்கில் அல்லது மர ஏணியே உரியது. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இணைப்பைச் செய்விக்க வேண்டும். மின் பகிர்மானக் கழகத்தின் கம்பத்தில் அவர்கள் அறியாமல் எவரும் ஏறலாகாது. கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள பாதுகாப்புச் சுவிட்சு ஒன்றையும் இவ்வழியிற் சேர்த்தால், மழைக்காலத்தில் இரும்புக் கம்பத்தைத் தொடும் குழந்தைகளுக்கும் மாடுகளுக்கும் காப்பாகும். கருவிக்குள் நுழையுமுன் கம்பி ஒருமுறை கீழே தாழ்ந்து வளைந்து மேலேறட்டும். மழைநீர் அவ்வளைவில் சொட்டிப் போய்விடும், உள்ளே இறங்காது.

பொருத்திய பின் அன்றிரவு வரை காத்திருக்க வேண்டுவதில்லை. மின்சாரத்தைக் கொடுத்துத் தரையில் நின்றபடியே, உலர்ந்த நீண்ட மூங்கிலின் நுனியிற் கட்டிய கறுப்புத் துணிப் பையால் கருவியின் முகத்தை முழுதும் மூடிப் பார்க்கலாம். உடனே எரியாவிட்டால் பழுது என்று முடிவு கட்டாமல் இரண்டு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். இரவில் ஒருமுறை சென்று, பக்கத்து விளக்குகள் யாவும் எரியும்போது இது நிலையாக எரிகிறதா என்பதையும் காண வேண்டும்.

மூன்று மாதத்துக்கொருமுறை, மெயினை அணைத்துவிட்டு, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தால் போதும். ஆலைக் களங்களில் மாதமொருமுறை. பறவை எச்சமும் சிலந்திக் கூடுமே பெரும்பாலான 'பழுது'களுக்குக் காரணம். நல்ல கருவிகள் பல, தாம் கெட்டால் விளக்கை எரியவிடும்படியே செய்யப்பட்டுள்ளன; ஊர் இருளாகாதிருக்க இவ்வேற்பாடு. எனவே துடைத்த பின்னும் பகலில் எரியும் விளக்கைக் கண்டால் கருவியின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். கம்ப எண், பொருத்திய தேதி, மாற்றிய தேதி ஆகியவற்றை ஊராட்சிப் பதிவேட்டில் ஒரு பக்கத்தில் குறித்து வந்தால், எந்த வகைக் கருவி நம் ஊரில் எத்தனை ஆண்டு உழைக்கிறது என்பது அடுத்த கொள்முதலின்போது தெரியும். கெட்டுப்போனதை உடைத்து எருக்குழியிலோ தீயிலோ போடக் கூடாது. வில்லையிலுள்ள காட்மியம் மண்ணுக்கும் நீருக்கும் நஞ்சு. அவற்றை ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்து, மின்னணுக் கழிவு பெறுவோரிடம் ஒப்படைக்க வேண்டும்.